வெயிலில் குறைந்ததை அளந்தவர்

அன்னா மணி தூசியை அளந்த கதையை இன்று சொல்லப்போகிறேன். இலக்கியக் கூட்டத்தில் தூசிக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

தார்ப் பாலைவனத்தில் மே, ஜூன் மாதங்களில் எழும் புழுதி டெல்லி தாண்டியும் வானத்தை மங்கவைக்கும். 1967இல் ரீட் பிரைசன் என்ற அமெரிக்க அறிஞரும் டேவிட் பேரெய்ஸும் ஒரு கருத்தை வைத்தார்கள். ராஜஸ்தானின் காற்றில் ஈரம் இருக்கிறது, ஆனால் மழை இல்லை. தூசி காற்றைக் கீழ்நோக்கி அமிழச் செய்து மேகம் உருவாகாமல் தடுக்கிறது என்றார்கள். மேய்ச்சலில் அழிந்த புல்லை மீட்டால் தூசி அடங்கும், மழையும் கூடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த மாதத்தில், எவ்வளவு தூசி, எந்த அளவுத் துகள் என்று தெரியாமல் இதை எப்படிச் சோதிப்பது?

செயற்கைக்கோள் உதவி இல்லாத நாட்களில் கருவியைச் சூரியனை நோக்கித்தான் பிடித்தார்கள். வளிமண்டலத்தின் உச்சிக்கு வரும் ஒளி எவ்வளவு என்பது தெரியும். தரைக்கு வந்து சேர்ந்ததை அதில் கழித்து, காற்றும் நீராவியும் ஓசோனும் எடுத்துக்கொண்ட பங்கையும் நீக்கினால், மிச்சம் தூசியும் புகையும் மறைத்தது. சுவீடனின் ஆங்ஸ்ட்ரோம் 1929இல் இதற்கு இரண்டு எண்கள் தந்தார். ஒன்று தூசியின் அளவைச் சொல்லும், மற்றது துகளின் பருமனைச் சொல்லும். பாலைவனப் புழுதி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோல மங்கவைக்கும். நுண்ணிய புகை நீலத்தைத்தான் அதிகம் மறைக்கும்.

1918இல் பீர்மேட்டில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அன்னா மணி, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தார். ஆய்வேட்டை முடித்தும் முதுகலைப் பட்டம் இல்லை என்று முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. 1948இல் புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தரப்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே செய்ய வழி செய்தார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாடெங்கும் சூரியக் கதிர் அளக்கும் நிலையங்களை அமைத்தார். இந்தியாவில் எடுத்த அத்தகைய அளவுகளிலிருந்து வானத்தின் கலங்கலைக் கணக்கிட்டு, சாக்கோ, ஹரிஹரன் ஆகியோருடன் 1969இல் 'டெல்லஸ்' இதழில் கட்டுரை வெளியிட்டார். தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பது மேல் என்பது அவர் கொள்கை.

இந்தக் கொள்கை எனக்குப் புதிதல்ல. மொன்றியலில் டிப்ளோமா படித்த தாதி நான். நோயாளியின் விரலில் மாட்டும் ஒக்சிஜன் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, குறைந்ததைப் பார்த்து இரத்தத்தில் எவ்வளவு ஒக்சிஜன் என்று சொல்கிறது. விரல் குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால் எண் பிசகும். பிசகிய எண்ணை நம்பினால் மூச்சுத் திணறுபவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். எண் வராவிட்டால் குறைந்தபட்சம் அவர் முகத்தையாவது பார்ப்போம். 2023 ஜூன் 25இல் கியூபெக் காட்டுத்தீயின் புகையால் எங்கள் நகரத்தின் காற்று உலகப் பெருநகரங்களிலேயே மிக மோசம் என்று பதிவானது. அன்று வெளியே போகலாமா என்று தொலைபேசியில் ஒரு எண்ணைப் பார்த்தே எல்லோரும் முடிவுசெய்தோம். அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒழுங்காகச் சரிபார்த்த கருவி இருந்தது.

பிரைசனின் கருத்து அப்படியே நிலைக்கவில்லை. தூசி காற்றைச் சூடாக்கவும் செய்யும். மேற்காசியத் தூசி மத்திய இந்தியாவில் மழையைக் கூட்டுகிறது என்று வினோஜும் மற்றவர்களும் 2014இல் எழுதினார்கள். நாளை வேறொருவர் வேறு சொல்லலாம். யார் சொன்னாலும் அந்தப் பழைய வெயில் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முனைவர் பட்டம் கிடைக்காத ஒருவர் அதைக் கவனமாக எழுதிவைத்துப் போயிருக்கிறார்.