டாக்டர் திவான் சிங் குருத்வாரா

அந்தமானில், புரோத்ராபூர்க்காரர்களுக்கு 'பஜார்' என்றால் அபர்தீன் பஜார்தான். வெற்றிமலை முருகனுக்குக் காவடி பார்க்கப் போனாலும், பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் போனாலும், ஊருக்குள் இருக்கும் டாக்டர் திவான் சிங் குருத்வாராவை நம்மில் பலர் கடந்துதான் போயிருப்போம். உள்ளே போனவர்கள் கொஞ்சம் பேர். பெயரில் இருக்கும் அந்த டாக்டர் யார் என்று விசாரித்தவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

சீக்கியர் இந்தத் தீவுக்கு இரண்டு விதமாக வந்தார்கள். காவல் காக்கத் துப்பாக்கியோடு வந்த ராணுவப் போலீஸார் ஒரு சாரார். 1915 லாகூர் சதி வழக்கில் தண்டனை பெற்று, விலங்கோடு செல்லுலார் சிறைக்கு வந்த கதர் (Ghadar) புரட்சிக் கட்சியினர் இன்னொரு சாரார். பாபா சோகன் சிங் பக்னா அவர்களில் ஒருவர். ஒரே குருவை வணங்கியவர்கள் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

1927-இல் மூன்றாவது விதமாக ஒருவர் வந்தார். கையில் மருந்துப் பெட்டி. சியால்கோட் மாவட்டத்தில் 1897-இல் பிறந்த திவான் சிங், அரசாங்க மருத்துவர், கவிஞரும்கூட. 1938-இல் வெளியான அவருடைய 'வக்தே பாணி' (ஓடும் நீர்) பஞ்சாபிப் புதுக்கவிதைக்கு வழி திறந்த நூல்களில் ஒன்று. நம் ந. பிச்சமூர்த்தி யாப்பை விட்டு வெளியே வந்த அதே காலம். 'காலேபாணி' (கரிய நீர்) என்று கைதிகள் நடுங்கிய இந்தத் தீவின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர். இங்கே குருத்வாரா எழுப்ப முன்நின்றார். பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளியும் நடத்தினார்.

அந்த வாசலில் சாதியும் மதமும் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, தலையை ஒரு துணியால் மூடிக்கொண்டால் போதும். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சம அளவில் சேர்த்துக் கிளறிய கடா பிரசாதத்தை இரு கைகளையும் குவித்துத்தான் வாங்க வேண்டும். உள்ளங்கையில் ஒட்டும் அந்த நெய்ப் பிசுக்கு நம் சர்க்கரைப் பொங்கலை நினைவூட்டும். பிறகு லங்கர் என்ற சமபந்தி. அதிகாரியும் கூலிக்காரரும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிடுகிறார்கள். ரொட்டியைக்கூட இரண்டு கைகளையும் நீட்டித்தான் வாங்க வேண்டும். முதல் முறை போகிற நம்மவர்கள் இதில் சற்றுத் தடுமாறுவது உண்டு.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் தீவில் இறங்கினார்கள். சில நாளிலேயே ஜுல்பிகர் அலி என்ற இளைஞரைப் பலர் பார்க்கச் சித்திரவதை செய்து கொன்றார்கள். தீவு மக்கள் அடங்கிப்போன அந்த நேரத்தில், இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவராக இருந்த திவான் சிங், மக்களுக்காக அதிகாரிகளிடம் போய் நின்றார். ராணுவத்தினருக்காகக் கொண்டுவந்த பெண்களைத் தங்கவைக்கக் குருத்வாராவைக் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார் என்று அவர் குடும்பத்தார் பதிவுசெய்திருக்கிறார்கள். 1943 அக்டோபரில் உளவாளி என்று பழி சுமத்திச் செல்லுலார் சிறையில் அடைத்தார்கள். 82 நாள். தலைமுடியைக் கட்டித் தொங்கவிட்டார்கள், எலும்புகளை முறித்தார்கள். பொய் வாக்குமூலத்தை மட்டும் வாங்க முடியவில்லை.

அந்த 82 நாளுக்குள்தான், டிசம்பர் 29-இல், நேதாஜி போர்ட் பிளேர் வந்தார். மறுநாள் மூவண்ணக் கொடி ஏறியது. சிறைக்குள் நடப்பது அவர் காதுக்கு எட்டாதபடி ஜப்பானியர் பார்த்துக்கொண்டார்கள். தீவின் வரலாற்றில் இதைவிட வேதனையான இன்னொரு பக்கத்தை நான் அறியேன்.

1944 ஜனவரி 14 அன்று டாக்டரின் உயிர் பிரிந்தது. நமக்குப் பொங்கல் நாள். சீக்கியருக்கு மாகி, 1705-இல் முக்த்சரில் குரு கோவிந்த் சிங்குக்காக மாண்ட நாற்பது பேரை நினைக்கும் நாள். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30-இல், ஹம்ஃப்ரேகஞ்சில் ஜப்பானியர் 44 பேரைச் சுட்டுக் குவித்தார்கள். நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் நிர்வாகத்தை ஏற்க ஏ. டி. லோகநாதன் வந்தது பிப்ரவரியில். அவரும் மருத்துவர், தமிழர். ஆனால் போலீஸ் அதிகாரத்தை ஜப்பானியர் அவர் கையில் கொடுக்கவேயில்லை.

திவான் சிங் யாருக்காகச் செத்தார் என்று கேட்டால், சீக்கியருக்காக என்று மட்டும் சொல்ல முடியாது. அவரிடம் மருந்து வாங்கியவர்களும் அவர் பேசிக் காப்பாற்ற முயன்றவர்களும் எல்லா மொழிக்காரர்களுமான தீவு மக்கள். அதனால் இந்தக் குருத்வாரா நம்முடையதும்தான்.

'ஜப்பான்காரன் காலம்' என்று பேச்செடுக்கிற பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெற்றோரிடம் கேட்டதையாவது சொல்வார்கள். இந்தப் பொங்கலுக்குள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொங்கலன்று மாலை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குருத்வாராவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். தலையை மூட ஒரு கைக்குட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.