இறங்க மறுத்த தண்டு

மோட்டார் சைக்கிளைத் தூக்கி நிறுத்திய எண்ணெய் ஜாக்கி, திருகைத் தளர்த்திய பின்னும் இறங்காமல் நிற்கக் காணும் மெக்கானிக், அதைத் தம் பட்டறைக்கு நேர்ந்த தனித் துர்ப்பாக்கியமென்று எண்ணக்கூடும். உண்மையில் அந்தப் பிடிவாதம் அவ்வியந்திரத்தின் கூடப் பிறந்தது.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் செலுத்திய அழுத்தம் குறைவின்றி எப்பக்கமும் பரவும் என்ற தத்துவத்தை விளக்கிய பிளேஸ் பாஸ்கலின் நூல், அவர் காலமான மறு வருஷமாகிய 1663-இல் வெளிவந்தது. சிறு குழாயில் இடும் சொற்ப பலம் அகன்ற உருளையில் பன்மடங்காகும் என்பது அதிலேயே அடங்கியிருந்தும், பூட்டுத் தொழிலில் கீர்த்தி பெற்ற லண்டன்வாசி ஜோசப் பிராமா 1795-இல் நீரழுத்த யந்திரத்துக்குப் பேடண்டு பெறும் வரையில், அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது.

கணக்கில் பிழையில்லை; கஷ்டமெல்லாம் இடுக்கில் இருந்தது. தண்டைச் சுற்றிய அடைப்பு தளர்ந்திருந்தால் ஜலம் பீறிட்டது. இறுக்கினாலோ, கசிவு நின்றதேயன்றி, அழுத்தத்தை நீக்கிய பின்னரும் தண்டு அந்தப் பிடியிலேயே சிக்கிக் கீழிறங்க மறுத்தது. பிராமாவிடம் வேலை பார்த்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லி இதற்குக் கண்டதாகச் சொல்லப்படும் உபாயம், கிண்ணம்போல் குழிவான தோல் வளையம்: ஜலத்தின் அழுத்தமே அதன் விளிம்பை விரித்துத் தண்டோடு ஒட்டவைக்கும், அழுத்தம் போனதும் அது தானே நெகிழ்ந்து வழிவிடும். பிற்பாடு ஊதிய உயர்வு மறுக்கப்பட்டதால் மாட்ஸ்லி 1797-இல் விலகித் தனிப் பட்டறை வைத்தார்.

1851-இல் நியூயார்க்கின் ரிச்சர்டு டட்ஜன் கையில் எடுத்துச் செல்லும் ஜாக்கிக்குப் பேடண்டு பெற்றார். காலப்போக்கில் ஜலத்தின் இடத்தில் எண்ணெயும், தோலின் இடத்தில் ரப்பரும் வந்தனவேயன்றி நியதி மாறவில்லை. ஜாக்கிக்கு உரிய எண்ணெய்க்குப் பதிலாக பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதித் தண்டை இறுக்குவது பிராமா பட்ட அவஸ்தையே. ஏற மறுக்கும் ஜாக்கியில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது வால்வுக் குண்டின் அடியில் அழுக்குத் தங்கியிருக்கலாம். இறங்காததில் சீலோடு, வளைந்த அல்லது துருவேறிய இணைப்புகளையும் பார்க்க வேண்டும்.

ஆயினும், எதையும் தொடுமுன் வண்டிக்கு முட்டுக் கொடுப்பதே விவேகம். 1849-இல் மெனாய் ஜலசந்தியில் பிரிட்டானியா பாலத்தின் இரும்புக் கூட்டைத் தூக்கும்போது அழுத்த உருளையொன்று வெடித்த சமயம், ஏற ஏற அடியில் தாங்கல் வைத்துவரும்படி பாலத்தின் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன் முன்னரே விதித்திருந்தபடியால்தான், அந்தப் பெரும் பாரம் சில அங்குலங்களே சரிந்து நின்றது.