சட்டைக்காரர், தொப்பாசு, ஆங்கிலோ இந்தியர்: தரங்கம்பாடிக் கரையில் கலப்பு மரபு பெயர் மாறிய வரலாறு (1620–2020)

முன்னுரை

மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகக் கிழக்கே சென்றால் வயல்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் தரங்கம்பாடி இருக்கிறது. அங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலைப் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டு, சடங்கன்பாடி என்னும் குலசேகரன்பட்டினத்தோடு சேர்த்துப் பேசுகிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அது பல நாட்டார் வந்து தங்கிய துறை. 1620 முதல் 1845 வரை அது டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. இந்த இரண்டேகால் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆண்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் இந்த ஊரிலும் இதன் அண்டை ஊர்களிலும் வளர்ந்தார்கள்.

அவர்கள் யாராகக் கருதப்பட்டார்கள்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியது. முதலில் உடையும் மொழியும் மதமும் அடையாளத்தைத் தீர்மானித்தன. பிறகு பிறப்பு வேலைக்குத் தடையானது. கடைசியில் தந்தைவழி மட்டும் சட்டமானது. இந்த மாற்றங்களை வரிசையாகக் காட்டுவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். எந்தக் காலத்து வரையறையிலும் தாய்க்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதை நிறுவுவது இரண்டாம் நோக்கம்.

1. சொற்கள் சொல்லும் சான்று

கலப்பு மரபினரைக் குறிக்கத் தமிழில் வழங்கிய பழைய சொற்களில் நிறமோ இரத்தமோ இல்லை. 'சட்டைக்காரர்' என்பது உடையால் வந்த பெயர். பெரும்பாலான ஆண்கள் மேலாடையாகத் துண்டு மட்டும் அணிந்த காலத்தில், தைத்த சட்டை போட்டவர் தனித்துத் தெரிந்தார். 'தொப்பிக்காரர்' என்பதும் அத்தகையதே. ஐரோப்பியக் கோட்டைகளின் பதிவுகளில் வரும் 'தொப்பாசு' என்ற சொல், தொப்பியிலிருந்து வந்தது என்பாரும் மொழிபெயர்ப்பாளரைக் குறிக்கும் 'துபாஷி'யிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இரண்டில் எது சரியானாலும் சொல் பிறந்த இடம் உடை அல்லது மொழி.

'பறங்கி' மட்டும் அயல்நாட்டாரைக் குறித்துப் புறப்பட்ட சொல். பிராங்க் என்ற இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக இங்கு வந்து சேர்ந்தது. இதே கரையில் வடக்கே உள்ள பறங்கிப்பேட்டை அதன் நினைவைச் சுமக்கிறது. ஐரோப்பியருக்கும் கலப்பு மரபினருக்கும் அச்சொல் பொதுவாக வழங்கியது. ஊராரின் கண்ணில் இருவருக்கும் இடையே கோடு அழுத்தமாக விழவில்லை என்பதை இது காட்டுகிறது.

அக்காலத்தில் இந்த மக்களின் வீட்டுமொழியாகப் போர்ச்சுகீசியம் இருந்தது. அதிலிருந்து ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, பீப்பாய், பாதிரி, ஆயா போன்ற சொற்கள் தமிழுக்குள் வந்தன. பெரும்பாலும் வீட்டுக்குள் புழங்கும் சொற்கள் இவை. இரு மொழிகளும் ஒரே கூரையின் கீழ் பேசப்படும்போது இத்தகைய சொற்கள் எளிதில் இடம் மாறும்.

2. கோட்டையும் குடும்பமும்: 1620–1706

தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதர் 1620 நவம்பரில் டேனியருக்குத் தரங்கம்பாடியில் இடம் கொடுத்தார். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு அவர் அனுப்பிய, தமிழில் எழுதப்பட்ட பொன்னோலை இன்றும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. ஓவே கெத்தே தலைமையில் வந்தவர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள்.

ஆனால் கோட்டையைக் காக்க டென்மார்க்கிலிருந்து ஆள் வரவில்லை. 1640களிலிருந்து 1669 வரை, ஏறத்தாழ கால் நூற்றாண்டு, ஒரு டேனியக் கப்பல்கூட இங்கு வந்து சேரவில்லை. 1655-க்குப் பின் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற எளிய பிறப்புடைய ஒருவரே டேனியராக எஞ்சிக் கோட்டைத் தலைமையை ஏற்றிருந்தார். இந்த நாட்டாரும் கலப்பு மரபினரும் துணை நின்றிராவிட்டால் டேனியக் கொடி அன்றே இறங்கியிருக்கும். இத்தகைய நிலையில் பிறப்பைக் கேட்டு ஆளை ஒதுக்கும் வசதி எந்தக் கோட்டைக்கும் இல்லை.

ஆங்கிலேயரின் நிலையும் அதுவே. 1687-ல் லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள், சென்னையிலிருந்த தம் படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொள்வதை ஊக்குவித்தார்கள். அப்படிப் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தாய்க்கு ஒரு வராகன் கொடுக்கவும் எழுதினார்கள். கப்பலேற்றி ஆள் கொண்டுவரும் செலவைவிட அது குறைவு. கலப்பு மரபு அன்று கம்பெனிக்குத் தேவையாக இருந்தது. தேவை இருந்தவரை மதிப்பும் இருந்தது.

3. பெஞ்சும் பாயும்: மிஷன் காலம்

1706 ஜூலை 9 அன்று மிஷனரிகளான பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். இருவரும் ஊரின் மொழிகளைப் பிரித்துக்கொண்டார்கள். சீகன்பால்க் தமிழை எடுத்துக்கொண்டார். புளூட்சோ போர்ச்சுகீசியத்தை எடுத்துக்கொண்டார். சபையும் அப்படியே தமிழ்ச் சபை, போர்ச்சுகீசியச் சபை என இரண்டாக வளர்ந்தது. 1712-ல் இங்கிலாந்திலிருந்து வந்த அச்சு இயந்திரம் போர்ச்சுகீசிய எழுத்துகளோடு வந்தது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முழுமையாக வெளியிட்டுப் புகழ்பெற்ற அந்த அச்சகம், போர்ச்சுகீசிய நூல்களையும் அச்சிட்டது.

'போர்ச்சுகீசியர்' என்று மிஷன் பதிவுகள் குறிப்பவர்களில் போர்ச்சுகல்லைக் கண்டவர் அரிது. போர்ச்சுகீசியத் தந்தைவழி வந்தவர்கள் அதில் இருந்தார்கள். டேனிய, டச்சு, ஜெர்மானியப் படைவீரர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஐரோப்பிய இரத்தமே இல்லாமல், ஐரோப்பியர் வீட்டில் அடிமையாக வளர்ந்து அவர்கள் மொழியையும் உடையையும் ஏற்றவர்களும் இருந்தார்கள். 1707-ல் மிஷனரிகளிடம் முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற ஐவர் டேனியர் வீட்டு அடிமைகள். இரத்தத்தைக் கணக்கிட்டிருந்தால் இவர்கள் அனைவரும் ஒரே பெயருக்குள் வந்திருக்க முடியாது.

மிஷனரிகளின் குறிப்பு ஒன்று இதைக் கண்முன் நிறுத்துகிறது. தேவாலயத்துக்குள் ஐரோப்பிய உடை அணிந்தவர்கள் பெஞ்சில் அமர்ந்தார்கள். தமிழ் உடை அணிந்தவர்கள் பாயிலோ தரையிலோ அமர்ந்தார்கள். உட்காரும் இடத்தை உடை தீர்மானித்தது. உடையை மாற்றியவர் இடத்தையும் மாற்றிக்கொள்ள வழி இருந்தது. இதைச் சமத்துவம் என்று புகழ்வதற்கில்லை. தமிழ்ச் சபைக்குள் சாதி வேறு கோடுகளைப் போட்டிருந்தது. அக்கோடுகளை உடை மாற்றிக் கடக்க முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனை ஏற்ற லைப்சிக் சங்கம் சாதி வேறுபாட்டைப் பெரிதும் பொறுத்துக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் மாறக்கூடிய அடையாளம் ஒன்றும் மாறவே முடியாத அடையாளம் ஒன்றும் அருகருகே இருந்தன.

4. பிறப்பு தடையானபோது: 1786–1795

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காற்று திசை மாறியது. ஆங்கிலக் கம்பெனி வணிகம் செய்யும் நிலையிலிருந்து நாடாளும் நிலைக்கு உயர்ந்திருந்தது. பதவிகள் வருமானமுள்ளவையாகின, அவற்றுக்கு இங்கிலாந்திலேயே போட்டி எழுந்தது. 1786-ல், கல்கத்தா இராணுவ அனாதை இல்லத்தின் கலப்பு மரபுப் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்து செல்வது தடுக்கப்பட்டது. 1791-ல், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பவருக்குக் கம்பெனியின் சிவில், இராணுவ, கடற்பணிகள் மூடப்பட்டன. 1795-ல் படையில் அவர்களுக்கு எஞ்சியவை குழலூதுவோர், முரசடிப்போர், இலாடம் அடிப்போர் போன்ற வேலைகளே.

1687-ல் பிள்ளைக்கு வராகன் கொடுக்கச் சொன்ன அதே நிறுவனம், அந்தப் பிள்ளைகளின் கொள்ளுப்பேரர்களுக்கு வாசலை அடைத்தது. இடைப்பட்ட நூறாண்டில் அவர்களுடைய இரத்தம் மாறிவிடவில்லை. மாறியது பதவியின் விலை. இன அடையாளம் எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு விடை, அதனால் யாருக்குச் சோறு கிடைக்கிறது, யாருக்குப் பறிபோகிறது என்பதில் இருக்கிறது.

இதே ஆண்டுகளில் சென்னையில் படைவீரர்களின் கலப்பு மரபுப் பிள்ளைகளுக்காக அனாதை இல்லங்கள் எழுந்தன. ஆண்பிள்ளைகள் இல்லத்தில் ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவரைக் கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துவரை சென்றது. அந்த முறை உருப்பெற்றது எந்தப் பிள்ளைகளிடம் என்பது அதன் புகழுக்குள் மறைந்துபோனது. பல பிள்ளைகள் 'அனாதை' என்று பதிவானபோது அவர்களுடைய தாய் உயிரோடுதான் இருந்தாள். தந்தை இல்லாவிட்டால் அனாதை என்று பதிவேடு கருதியது.

தரங்கம்பாடி இந்தக் காற்றிலிருந்து தப்பவில்லை. 1801-லும், பின்னர் 1808 முதல் 1815 வரையிலும் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள். 1845-ல் செராம்பூருடன் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு அது ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. டேனிய ஆட்சி கப்பலேறிப் போனது. டேனியரின் பேரப்பிள்ளைகள் இங்கேயே தங்கினார்கள்.

5. அண்டை ஊர்களின் வேறு விடைகள்

ஒரே கரையில் ஒவ்வோர் ஆட்சியும் கலப்பு மரபை வெவ்வேறாக அளந்தது. தரங்கம்பாடிக்குத் தெற்கே காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. அங்கே 1881-ல் வந்த ஆணை, இந்தியர் ஒருவர் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க வழி செய்தது. துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் பூண்டார்கள். ஐரோப்பிய இரத்தம் இல்லாதவரும் ஒரு கையெழுத்தால் அடையாளம் மாற முடிந்தது.

கடலுக்கு அப்பால் கொழும்பில், 1908-ல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் எதிர்த்திசையில் நடந்தது. தந்தைவழியாக டச்சுக் கம்பெனிக் காலத்து மூதாதையை நிறுவுபவர்களையே அது உறுப்பினராக ஏற்றது. குடும்ப வம்சாவளிகளைத் தொகுத்து வெளியிட்டது.

இந்த அளவுகோல்களின் நிலையின்மையை ஒரு பெண்ணின் வாழ்க்கை விளக்கும். 1760களின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்த கேத்தரின் வோர்லே, 1802-ல் பிரான்சின் வெளியுறவு அமைச்சர் தாலேராந்தை மணந்தார். பாரிஸ் அவரை 'இந்தியப் பெண்' என்றே பேசியது. இங்கே அவர் ஐரோப்பியர்; அங்கே இந்தியர். உடலில் ஒரு துளி மாறாமல் கடலைக் கடந்ததாலேயே அடையாளம் மாறியது.

6. தந்தைவழி சட்டமானது: 1911–2020

19-ஆம் நூற்றாண்டில் இம்மக்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளப் பெயர் தேடினார்கள். 'ஈஸ்ட் இந்தியர்', 'யுரேசியர்' என்ற பெயர்கள் வந்து போயின. 1830-ல் ஜான் ரிக்கெட்ஸ் தம் மக்களின் மனுவை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'ஆங்கிலோ இந்தியர்' என்பது அதிகாரபூர்வப் பெயரானது.

இதற்கிடையே ரயில் வந்தது. 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடியது. நாகையில் ரயில்வே பணிமனை இருந்தது. 1928-ல் அது திருச்சி பொன்மலைக்கு மாறியது. நாடெங்கும் போலவே இங்கும் டிரைவர், கார்டு, ஃபோர்மேன் வேலைகளில் ஆங்கிலோ இந்தியர் அதிகம். அடைக்கப்பட்ட வாசலுக்குப் பதிலாகத் திறந்த சிறு வாசல் அது. அந்த வேலையைப் பெற 'நான் இன்னார் பேரன்' என்று காட்ட வேண்டியிருந்ததால், அடையாளம் மீண்டும் சோற்றோடு கட்டுண்டது. பணிமனை போனபோது குடும்பங்களும் பொன்மலைக்குப் போயின.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமும், பின்னர் அரசமைப்பின் 366(2) பிரிவும் ஆங்கிலோ இந்தியரை வரையறுத்தன. ஒருவரின் தந்தையோ, ஆண்வழியில் வேறெந்த மூதாதையோ ஐரோப்பிய மரபினராக இருக்க வேண்டும். அந்த நபர் இந்தியாவில் நிலையாக வாழும் பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவராக இருக்க வேண்டும். பெயரில் ஆங்கிலம் இருந்தாலும் வரையறை ஐரோப்பியர் அனைவரையும் உள்ளடக்கியது. எனவே தரங்கம்பாடி டேனியரின் ஆண்வழிப் பேரரும் சட்டப்படி ஆங்கிலோ இந்தியரே. ஆனால் ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தி வேறு மரபினரை மணந்து பெற்ற பிள்ளை இந்த வரையறைக்குள் வராது. அந்தப் பிள்ளை அவள் மொழியில் பேசி, அவள் சமையலில் வளர்ந்து, அவள் பாட்டைப் பாடினாலும் வராது.

மக்களவையிலும் சில சட்டமன்றங்களிலும் இச்சமூகத்துக்கு இருந்த நியமன இடங்களை 104-ஆம் திருத்தம் 2020 ஜனவரியில் முடித்துவைத்தது. அந்த விவாதத்தில், 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 296 ஆங்கிலோ இந்தியரே இருப்பதாக அரசு கூறியது. சமூகத்தினர் அதைக் கடுமையாக மறுத்தார்கள். ஒரு மக்கள் இருக்கிறார்களா என்பதே படிவத்தில் எந்தக் கட்டம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

முடிவுரை

நான்கு நூற்றாண்டுகளில் இம்மக்களிடம் நான்கு கேள்விகள் கேட்கப்பட்டன. என்ன உடுத்தியிருக்கிறாய்? உன் தாய் இந்தியரா? எந்தச் சட்டத்தை ஏற்கிறாய்? உன் தந்தையின் தந்தை யார்? தாயைப் பற்றிய கேள்வி ஒரே ஒரு முறை எழுந்தது. அதுவும் வேலையை மறுப்பதற்காக. வரலாற்றாய்வாளர் துர்பா கோஷ் வங்காளத்துப் பதிவுகளில் காட்டியதுபோல, தாய்மார் பலர் ஞானஸ்நானப் பெயர் ஒன்றோடோ, பெயரே இல்லாமல் 'நேட்டிவ் பெண்' என்றோதான் ஏடுகளில் நிற்கிறார்கள். அவர்கள் எந்த ஊர், யாருடைய மகள் என்பது எழுதப்படவில்லை.

2009-ல் டேவிட் ரைக், குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் வெளியிட்ட மரபணு ஆய்வு, இந்திய மக்களில் ஏறத்தாழ அனைவரும் இரு பழைய மக்கள்திரள்களின் கலப்பால் வந்தவர்கள் என்று காட்டியது. கலப்பு நம் அனைவருக்கும் பொது. சிலரை மட்டும் கலப்பினர் என்று தனியே எழுதியது ஆட்சியின் ஏடு.

அந்த ஏட்டைத் திருத்த நம் வழக்கத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. காவிரிக் கரையில் ஒரு பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடிதான் முதலில் தேடப்படுகிறது. மகன் வயிற்றுப் பேரனும் மகள் வயிற்றுப் பேரனும் தாத்தாவுக்கு ஒன்று. அந்தக் கண்ணால் பார்த்தால் தரங்கம்பாடிச் சட்டைக்காரர் எங்கிருந்தோ வந்தவர்கள் ஆகமாட்டார்கள். இந்த மண்ணின் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் ஆவார்கள். ஆனால் தமிழ் வரலாற்றெழுத்தும் அவர்களை டேனியர் கதையின் ஓரத்தில் விட்டுவிட்டது. தரங்கம்பாடிச் சபைகளின் ஞானஸ்நான, திருமண ஏடுகளைத் தாயின் பக்கத்திலிருந்து மீண்டும் படிப்பது இனிச் செய்ய வேண்டிய ஆய்வு. மருதாய், மரியாய், பெயரில்லாதவள் என்று அங்கே நிற்கும் ஒவ்வொருத்தியும் யாருக்கோ அக்காள், யாருக்கோ தங்கை. அவளுடைய பிள்ளையை நம் பிள்ளை என்று சொல்ல வேண்டிய தாய்மாமன் வீடு நாம்தான்.