அரியலூர்க் கல்லும் ஐரோப்பிய ஏடுகளும்

அரியலூர்ச் சீமையின் பழமையைப் பேசப் புகுவோர் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தடியில் நின்று, இராஜேந்திரனை நினைந்து, அம்மட்டில் திரும்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அம்மன்னன் நகர் எடுத்து ஏரி கட்டிய நிலத்திற்கு அருகிலேயே, 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தொடங்கிச் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையில், ஏறியும் இறங்கியும் ஒரு கடல் கிடந்தது என்பதும், அக்கடல் விட்டுச்சென்ற சிப்பியும் நத்தையும் பவளமும் மீன்பல்லும் இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஓடைக்கரைகளில் கல்லாய்க் கிடக்கின்றன என்பதும் உலகறிந்த செய்திகள். ஆனால் அச்சரித்திரம் எழுதப்பட்ட ஏடுகள் லண்டனிலும் பாரிஸிலும் கல்கத்தாவிலும் வியன்னாவிலும், மூன்று ஐரோப்பிய பாஷைகளில் அச்சேறியவை. அவற்றை எழுதியவர்களில் எவரும் தனித்து எழுதியவர் அல்லர். ஒருவர் பொறுக்கியதை மற்றொருவர் வர்ணித்து, அவர் வர்ணித்ததை வேறொரு தேசத்தார் மறுத்து, அம்மறுப்பை நிலத்தில் நடந்து பார்த்தவர் தீர்த்துவைத்து, நூற்றெண்பது ஆண்டுகளாய் வளர்ந்துவந்த ஒரு கூட்டு முயற்சியின் பலனே அவை.

முதலில் அந்த நிலத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நலம். பெரம்பலூர் மாவட்டத்தில் கொளக்காநத்தத்தை அடுத்துள்ள காரை என்னும் கிராமத்தின் புறத்தே, புல்லும் புதரும் பிடிக்காத களிமண் மேடுகள் மழைநீரால் அரிக்கப்பட்டு, எண்ணற்ற பள்ளங்களாகவும் கூரிய வரம்புகளாகவும் வெகுதூரம் பரந்து கிடக்கின்றன. அக்களிமண்ணின் பிளவுகளில் ஜிப்சம் தகடுகள் வெயில் பட்டு மின்னுகின்றன. சரிவுகளில், ஒரு காலத்தில் கணவாய் இனத்தைச் சேர்ந்த பிராணிகளின் உடலுக்குள் இருந்த பெலெம்னைட் என்னும் உறுப்புகள், சுண்டுவிரல்போல் ஒருமுனை கூர்ந்து, மழைக்குப் பின் மண்ணினின்றும் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. கிழக்கே அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிக்குச் சென்றாலோ நிலத்தின் தோற்றமே வேறு: அங்கே வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கல் சுவரில், கனத்த ஓடுகளையுடைய சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் பதிந்திருக்கக் காணலாம். மேற்கே பழைய படிவம், கிழக்கே செல்லச் செல்லப் புதிய படிவம் என்பது இச்சீமையின் பொது விதி. அவ்விதி இன்று பள்ளி மாணவனுக்கும் சொல்லத்தக்க எளிய செய்தி. அதனை நிர்ணயிப்பதற்கோ இருபது ஆண்டுகளின் உழைப்பு தேவைப்பட்டது.

அவ்வுழைப்பைத் தொடங்கியவர்கள் சாஸ்திர அறிஞர்கள் அல்லர். சென்னை அரசாங்க சிவில் உத்தியோகஸ்தர்களான கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர்கள். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், புதுச்சேரியைச் சூழ்ந்த பகுதியிலும், விருத்தாசலத்திலும், திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலும் அவர்கள் திரட்டிய கற்சிப்பிகள் கப்பலேறி லண்டன் புவியியற் சங்கத்தைச் சென்றடைந்தன. அங்கே அவை துறைவாரியாகப் பங்கிடப்பட்டன. மீன்களின் எச்சங்களை சர் பிலிப் எகர்ட்டன் ஏற்றார்; முதுகெலும்பில்லாத பிராணிகள் அனைத்தும் எட்வர்ட் ஃபோர்ப்ஸிடம் சென்றன. ஃபோர்ப்ஸ் தாவரவியல் பேராசிரியர். அதற்குச் சற்று முன்னர்தான் ஏகியன் கடலில் கப்பலிலிருந்து வலை இறக்கி, எந்த ஆழத்தில் எந்தச் சிப்பி வாழ்கிறது என்று ஆராய்ந்து திரும்பியவர். உயிருள்ள கடலை அறிந்திருந்த அவர், கல்லாய்விட்ட கடலையும் அந்த அறிவைக் கொண்டே நோக்கினார். 1846-இல் வெளிவந்த அவருடைய அறிக்கையில், தென்னிந்தியப் படிவங்களிலிருந்து கிடைத்த அம்மோனைட்டுகள் என்னும் சுருளோட்டுக் கடற்பிராணிகள் பலவற்றுக்குப் பிரம்மா, விஷ்ணு, இந்திரன், வருணன், சூரியன் என்று நம் தேவர்களின் நாமங்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. அவர் இட்ட அப்பெயர்கள் இன்றும் சாஸ்திர வழக்கில் நிலைபெற்றுள்ளன.

பெயரிடுதல் எளிதாயிற்று, காலத்தை நிர்ணயிப்பதில்தான் விவகாரம் பிறந்தது. புதுச்சேரிப் படிவங்கள், அக்கடல் தோன்றிய கிரெட்டேசியஸ் யுகத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்றும், விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் படிவங்கள் அவற்றினும் பிந்தியவை என்றும் ஃபோர்ப்ஸ் கருதினார். புதுச்சேரி அக்காலத்தில் பிரெஞ்சுக்காரரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், அவ்வூர்க் கற்சிப்பிகள் பாரிஸையும் அடைந்திருந்தன. அங்கே அவற்றை ஆராய்ந்த ஆல்சிட் தொர்பிஞி, அதே படிவங்கள் அந்த யுகத்தின் பிற்பகுதியையே சேர்ந்தவை என்று முடிவுகட்டினார். இரு நகரங்களிலும் இருந்தவர்கள் ஒரே இனத்துச் சிப்பிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாறுபட்டார்கள்; இருவருள் எவரும் அவை கிடந்த நிலத்தைக் கண்டாரில்லை. ஒரு சிப்பி எந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது, அவ்வடுக்கின் மேலே எது, கீழே எது என்ற விவரம் இல்லாவிடில், எத்துணைப் பெரிய மேதையாயினும் அச்சிப்பியின் உருவத்தை வர்ணிக்கலாமேயன்றி, அதன் காலத்தைத் திண்ணமாய்ச் சொல்ல இயலாது என்பதே அவ்விவகாரம் கற்பித்த பாடம்.

அப்பாடத்தை உணர்ந்து நிலத்தில் இறங்கியவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். லண்டனில் சுரங்கக் கல்வி கற்று, பின்னர் ஜெர்மானிய நாட்டு ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியிலும் பயின்ற அவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சார்பில் 1857 முதல் 1860 வரை தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களில் நடந்து, அடுக்கடுக்காய்ப் படிவங்களைக் குறித்து வரைபடம் தீட்டினார். 1862-இல் அவர் வெளியிட்ட நூல், இச்சீமையின் பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்று கீழிருந்து மேலாக மூன்றாக வகுத்தது. ஒரு சிற்றூரின் பெயரும் ஒரு ஜமீன் தலைநகரின் பெயரும் உலகத்துப் புவியியல் நூல்களில் ஏறியது இவ்வாறுதான். அவருக்குப் பின் வந்தோர் அப்பிரிவுகளை மேலும் நுணுக்கமாகப் பகுத்தும் பெயர் மாற்றியும் உள்ளனர். ஆயினும் அவர் இட்ட அஸ்திவாரம் பெயர்க்கப்படவில்லை. பாறைகளைப் படித்த இதே பிளான்ஃபோர்ட்தான் 1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகவும் அமர்ந்தார் என்பது, அக்காலத்து அறிஞர் ஒரு சாஸ்திரத்தின் வேலிக்குள் அடங்கி நில்லாதவர்கள் என்பதற்குச் சான்று.

பிளான்ஃபோர்ட் திரட்டி அனுப்பிய கற்சிப்பிகள் கல்கத்தாவில் குவிந்தன. ஆய்வுத் துறையின் தலைவர் தாமஸ் ஓல்ட்ஹாம், இத்தகைய பொருள்களை வர்ணிப்பதற்கென்றே ‘பேலியன்டாலஜியா இண்டிகா’ என்ற பெரும் வெளியீட்டை 1861-இல் தொடங்கியிருந்தார். அதன் தொடக்கத்திலேயே இடம்பெற்றவை தென்னிந்தியப் பெலெம்னைட்டுகளும் நாட்டிலஸ்களும். அவற்றை எழுதியவர் பிளான்ஃபோர்ட்தான். எஞ்சிய பெருஞ்சுமையை ஏற்க ஓல்ட்ஹாம் அழைத்தவர், மொரேவியாவில் 1838-இல் பிறந்து, வியன்னாவில் ஆஸ்திரியப் புவியியல் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்னும் இளைஞர். 1862-இன் இறுதியில் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். அம்மோனைட்டுகளில் தொடங்கி, நத்தைகள், இருசிப்பிகள், பின்னர்ப் பவளங்கள், முட்தோலிகள் என்று வகைவகையாய் எடுத்துக்கொண்டு, 1873-க்குள் ‘தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் ஜீவராசிகள்’ என்னும் பொருள்பற்றி நான்கு பெருந்தொகுதிகளை அவர் முடித்துவைத்தார். ஆங்கிலேய அரசாங்கம் பணம் கொடுக்க, ஸ்லாவிய மண்ணில் பிறந்து ஜெர்மானியக் கல்வி பெற்ற ஒருவர், காவிரிக்கு வடக்கே பொறுக்கிய கற்களைப் பற்றி, வங்கத் தலைநகரில் இருந்துகொண்டு எழுதிய நூல் அது. அதனிடையே இமயமலைப் பாறைகளையும், பறவைகளையும், நில நத்தைகளையும் ஆராய்ந்த அவர், யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய்த் திரும்பும் வழியில், 1874 ஜூனில் லடாக் மலைகளில் 36-ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட லே நகரில் நினைவுத்தூண் உள்ளது.

நூல் எழுதி முடிந்துவிட்டதென்று விஷயம் முடிந்துவிடவில்லை. 1890-களில், டாக்டர் வார்த் என்பவர், பெரம்பலூர் வட்டத்துக் களிமண்ணில் கிடக்கும் பாஸ்பேட் உருண்டைகளை ஆராயும் பொருட்டு வந்தவர், அவற்றோடு புதைபடிவங்களையும், எந்த அடுக்கில் எது கிடைத்தது என்ற குறிப்புடன் விரிவாகத் திரட்டினார். உரத்திற்காகத் தேடிய தேட்டம் சாஸ்திரத்திற்குப் பயன்பட்டது. அக்கற்கள் வியன்னாவில் ஃப்ரான்ஸ் கோஸ்மாட் என்னும் இளம் அறிஞரின் கைக்கு வந்தன. அம்மோனைட்டின் உள்ளறைச் சுவர்கள் வெளி ஓட்டைத் தொடுமிடத்தில், இலை விளிம்புபோல் வெட்டுவெட்டாய் ஒரு கோடு உண்டு. இனத்துக்கு இனம் மாறுவதாகிய அக்கோட்டை நுணுகி ஆராய்ந்து, ஸ்டோலிச்கா ஒரே இனமாய் வைத்தவற்றுள் சிலவற்றைப் பிரித்தும், சிலவற்றுக்குப் புதிய குலப்பெயர் இட்டும், 1895 முதல் 1898 வரை ஜெர்மன் பாஷையில் கோஸ்மாட் எழுதிய ஆராய்ச்சி மூன்று பகுதிகளாய் வெளிவந்தது. புதுச்சேரிப் படிவங்கள் பிற்காலத்தவையே என்று அவர் நிலைநாட்டியதால், ஐம்பதாண்டுப் பழைய வழக்கில் தொர்பிஞியின் பக்கமே தீர்ப்பு ஆயிற்று. தோற்றவரைப் புறக்கணிக்கும் வழக்கம் அங்கே இல்லை. தாம் வகுத்த ஓர் அம்மோனைட் குலத்திற்கு ‘ஃபோர்ப்ஸிசெராஸ்’ என்று பெயரிட்டு, அம்முன்னோடியின் நாமத்தையே கோஸ்மாட் நிலைக்கச் செய்தார். நமது சீமையின் அம்மோனைட்டுகளுக்கு நெருங்கிய உறவினங்கள் தென்னாப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் ஜப்பானிலும் உள்ளன என்று எடுத்துக்காட்டி, அப்பழங்கடலின் விரிவை உணர்த்தியதும் அவ்வாராய்ச்சியே.

இருபதாம் நூற்றாண்டில் இக்கூட்டில் இந்தியர்களும் சம உரிமையுடன் சேர்ந்தார்கள். பெங்களூரில் புவியியல் கற்பித்த எல். ராமராவ், அரியலூருக்குக் கிழக்கே, கடைசி அடுக்காகிய நின்னியூர்ப் படிவத்தை ஆராய்ந்து, அதில் கல்லாய்க் கிடந்த பாசிகளைக் கண்டார். பாசிகளை அறிந்த நிபுணர் வியன்னாவின் ஜூலியஸ் பியா. 1936-இல் இருவரும் இணைந்து எழுதிய ஆராய்ச்சி அதே ‘பேலியன்டாலஜியா இண்டிகா’வில் வெளிவந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவ்வேட்டைத் தொடங்கியபோது, திருச்சிராப்பள்ளிக் கற்களின்மேல் ஓர் இந்தியர் பெயரும் ஐரோப்பியர் பெயரும் ஒரே தலைப்பின்கீழ் நிற்கும் என்று ஓல்ட்ஹாம் எதிர்பார்த்திருப்பாரா என்பது ஐயமே. 1929-இல் மேட்லி என்னும் புவியியலாளர் இச்சீமையின் டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதினார். 1940-இல், தஞ்சாவூரில் பிறந்தவரும் பின்னாளில் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவருமான எம். எஸ். கிருஷ்ணன், பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தை உலகுக்கு அறிவித்தார்.

கூட்டு முயற்சி இன்றும் அற்றுப்போகவில்லை. 2002-இல் ‘ஜியாலஜி’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகையில் ஆண்ட்ரூ கேல் முதலியோர் வெளியிட்ட கட்டுரை, காவிரிப் படுகையின் படிவங்களை வடமேற்கு ஐரோப்பாவின் சுண்ணப் பாறைகளோடு ஒப்பிட்டு, இரு கண்டங்களிலும் கடல்மட்டம் ஏறியிறங்கிய முறை ஒத்திருந்தது என்றும், அதற்குப் பூமியின் பாதை சுமார் 4 லட்சம் ஆண்டுக்கொரு முறை மாறும் வானியல் நியதியே காரணம் என்றும் வாதித்தது. அம்மோனைட் வல்லுநர் கென்னடியும், நுண்பாசிகளின் சுண்ணத் துகள்களை ஆராயும் யங்கும், இந்தியரான பன்சால்கரும் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தனர். 2019-இல் கேல், கென்னடி, போலந்து நாட்டு வலாஸ்சிக் மூவரும் இப்பகுதியின் அம்மோனைட்டுகளையும் சிப்பிகளையும் பற்றி எழுதிய விரிவான ஆராய்ச்சி, போலந்தின் புவியியற் சஞ்சிகையில் வெளியாயிற்று. கே திரட்டிய கல்லில் தொடங்கிய பேச்சு, இவ்வாறு வானியல்வரை சென்று எட்டியது.

இந்த நெடிய ஏட்டு வரிசையைப் புரட்டும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பப் புலனாகிறது. லண்டனும் பாரிஸும் முரண்பட்டபோதும், வியன்னா அவ்விரண்டையும் திருத்தியபோதும், தீர்ப்பைச் சாத்தியமாக்கியது அறிஞரின் மேதைமை மட்டும் அன்று. இன்ன ஊரில், இன்ன ஓடையில், இன்ன அடுக்கில் எடுக்கப்பட்டது என்று கல்லோடு சேர்த்து எழுதிவைத்த சிறு குறிப்பே. அக்குறிப்பு இருந்த கல் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பேசிற்று. அது இல்லாத கல் அலமாரியில் அழகாய் ஊமையாய்க் கிடந்தது. அந்த ஓடைகளைக் காட்டிக்கொடுத்தவர்களும், மூட்டை கட்டிச் சுமந்தவர்களும் இவ்வூர் மக்களே. அவர்களுடைய பெயர்கள் எந்த நூலின் முகப்பிலும் ஏறவில்லை.

இன்று அச்சுண்ணாம்புக்கல் வேறொரு தேவைக்குப் பயன்படுகிறது. 1939-இல் டால்மியாபுரத்தில் தொடங்கிய சிமெண்டுத் தொழில் அரியலூரையும் தழுவி, இப்பகுதி மக்களுக்குப் பிழைப்பளிக்கும் பெருந்தொழிலாகிவிட்டது. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. சுரங்கம் வெட்டப்படும்போதெல்லாம், பிளான்ஃபோர்ட் காணாத ஆழத்து அடுக்குகள் வெளிச்சத்துக்கு வருகின்றன. வந்த சில நாட்களுக்குள் அரைவைக்கும் சென்றுவிடுகின்றன. அந்த இடைவெளியில், இடமும் அடுக்கும் ஆழமும் குறித்துக்கொண்டு நாலு சிப்பிகளை எடுத்துவைக்கும் ஆள் ஒவ்வொரு சுரங்கத்திலும் இருத்தல் வேண்டும். ஐரோப்பிய பண்டிதர்கள் கடல் கடந்து செய்த வேலையின் எஞ்சிய பகுதியை, சுரங்கத்தில் வேலைபார்க்கும் மேஸ்திரியும், அவ்வூர்க் கல்லூரி மாணவரும், நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு, தமிழிலேயே எழுதிவைக்கலாம்; ஆராய்ச்சிக்கு ஆங்கிலமோ ஜெர்மனோ பின்னர் வரட்டும்.