‘போதும்’ என்ற சொல் தேய்ந்த வரலாறு

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் விக்கிரமங்கலம், சோழர் காலத்தில் விக்கிரமசோழபுரம் என்ற வணிக ஊர். கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக விளங்கியபோது அதன் சுற்றுவட்டத்தில் செழித்த ஊர். சிவன் கோயிலோடு புத்தர் சிற்பமும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும் இங்கே உண்டு. இந்த இரண்டு சமயங்களும் உணவுக்கு நேரத்தால் வேலி போட்டவை. பௌத்தத் துறவி உச்சிப்பொழுதுக்குப் பிறகு உண்பதில்லை. சமணர் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. தானியமும் சரக்கும் குவியும் வணிக ஊரில்தான் இப்படிப்பட்ட விதிகளுக்கு வேலை இருந்திருக்கும். அதே ஊரைச் சுற்றியிருந்த மானாவாரிக் காட்டில் வரகும் கம்பும் விதைத்தவர்களுக்கு எந்தத் துறவியும் உணவு விதி வகுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தட்டில் விழுந்த தானியமே ‘போதும்’ என்று சொல்லிவிடும். இந்த வட்டாரத்தின் உணவு வரலாற்றை, அந்தப் ‘போதும்’ எப்படிப் பேச்சிழந்தது என்ற வரலாறாகவே நான் படிக்கிறேன். ‘போதும்’ என்னும் அடக்கம் மனிதரின் நற்குணம் மட்டும் அன்று. தானியம், உழைப்பு, விலை, மூளை நான்கும் சேர்ந்து தாங்கிய ஒன்று அது. முதல் மூன்றையும் மாற்றிவிட்டு நான்காவதன் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

கல்வெட்டுகளில் நெல்லுக்குத்தான் இடம் அதிகம். கலம், குறுணி, நாழி, உழக்கு என்று நெல்லையும் அரிசியையும் அளந்து எழுதிய சோழர் கல்வெட்டுகள் ஏராளம். கோயிலின் திருவமுதும் நிலத்தின் வரியும் பெரும்பாலும் நெல்லில்தான் கணக்கிடப்பட்டன. ஆனால் நெல் அளக்கப்பட்டது என்பதற்காக எல்லாரும் நெற்சோறு உண்டார்கள் என்று கொள்ள முடியாது. ஆற்றை ஒட்டிய நன்செய்க்கு அப்பால் வடக்கே விரிந்தது செம்மண்ணும் கரிசலும். அங்கே விளைந்தவை வரகு, கம்பு, சோளம், கேழ்வரகு. கோபுரக் கலசத்துக்குள் வரகை இட்டு வைக்கும் வழக்கம், பஞ்ச காலத்துக்கு விதையாக எந்தத் தானியத்தை நம்பினார்கள் என்பதைக் காட்டுகிறது. வரகின் உமி பல அடுக்கு கொண்டது. உரலில் இட்டு மாற்றி மாற்றிக் குத்தினாலும் முழுதாகப் போகாது. களியாகவும் கூழாகவும் உள்ளே போகும்போது தவிடும் நாரும் கூடவே போகும், செரிக்க நேரம் பிடிக்கும். இந்த அடக்கத்துக்கு உலக்கை பிடித்த பெண்களின் தோள்கள் விலை கொடுத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. அரைவை ஆலை வந்ததும் வரகு பின்வாங்கியதற்கு அந்தத் தோள்களின் களைப்பும் ஒரு காரணம்; அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆலை என்ன செய்தது என்பதற்கு மிகத் தெளிவான சாட்சி குன்னூரிலிருந்து கிடைத்தது. அங்கே சத்துணவு ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்காரிசன், 1920களில் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்தவை முதலிடத்தில் நின்றன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை கடைசி. அன்று அந்த உணவு எலிகளை மெலியவைத்தது. இன்று அதே வெள்ளைச் சோற்றை நடுவில் வைத்த தட்டு மனிதரைப் பருக்கவைக்கிறது. முரண்போலத் தெரிந்தாலும் காரணம் எளிது. நாரும் சத்தும் நீங்கிய அரிசி அப்படியே இருக்க, அதன்மேல் எண்ணெயும் சர்க்கரையும் ஏறின, உடலுழைப்பு இறங்கியது.

1967இல் ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற அண்ணாவின் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் விலையில்லா அரிசி என்று அரிசி இந்த மாநிலத்தின் அரசியலாகவே ஆனது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயிலும் ரேஷனுக்கு வந்தது. பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலமோ பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறியது. அந்த மக்காச்சோளத்தின் பெரும்பங்கு மனிதர் தட்டுக்கு நேரே வருவதில்லை. கோழித்தீவனமாகிப் பிராய்லர் கறியாகத் திரும்புகிறது. சாப்பிடுவதை விளைவித்த ஊர், சாப்பிடுவதை வாங்கும் ஊராயிற்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2015-16இல் தமிழகப் பெண்களில் 30.9 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல்பருமனோ கொண்டிருந்தனர். அடுத்த கணக்கெடுப்பில் அது 40.4 ஆனது. ஆண்களில் 28.2 விழுக்காடு 37 ஆனது. ஏறத்தாழ ஐந்தாண்டில் ஒரு மாநிலத்தின் மன உறுதி இவ்வளவு சரியாது. சரிந்தது வேறொன்று.

அந்த வேறொன்றைத் தேடி நரம்பியலுக்குள் போக வேண்டும். மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டுவது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அடக்குவது. அடக்கும் செய்தியைப் பெரும்பாலும் சுமப்பது காபா என்ற வேதிப்பொருள். அது மூளையில் இருப்பதை 1950இல் யூஜின் ராபர்ட்ஸ் காட்டினார். இதை வண்டியின் பிரேக் என்று மட்டும் சொல்லிவிட்டால் தவறிப்போவோம். மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸில் பசியைக் கிளப்பும் நரம்பணுக்களும் காபாவையே பயன்படுத்துகின்றன: நிறைவைச் சொல்லும் பக்கத்து அணுக்களை அடக்கித்தான் அவை பசியை எழுப்புகின்றன. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்த லெப்டின் கொழுப்பிலிருந்து சுரந்து மூளைக்குப் போய், காபா சுரக்கும் அணுக்களைத் தணித்து, நிறைவின் குரலை விடுவிக்கிறது. பருமன் நீடித்தால் லெப்டின் எவ்வளவு சுரந்தாலும் மூளை அதைச் சரியாகக் கேட்பதில்லை.

இதற்கும் மேலே, நெற்றிக்குப் பின்னால், கண்குழிக்கு மேலுள்ள முன்மூளைப் பகுதியில் இன்னொரு தீர்ப்பு நடக்கிறது. முன்னால் இருக்கும் உணவு இந்த நேரத்தில் எவ்வளவு மதிப்புடையது என்ற தீர்ப்பு அது. கனடாவின் கல்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொழுப்பு மிகுந்த உணவில் பருத்த சுண்டெலிகளிடம் இதைச் சோதித்தார்கள். மெலிந்த எலி வயிறார உண்டபின் அதே உணவுக்காக உழைப்பதைக் குறைத்துக்கொண்டது. பருத்த எலி குறைக்கவில்லை. அதன் முன்மூளை அணுக்கள்மேல் விழும் காபாவின் அடக்கம் தளர்ந்திருந்தது. அங்கே காபாவின் அளவை மருந்தால் உயர்த்தியபோது, நிறைந்த வயிற்றுக்கு ஏற்ப நடக்கும் திறன் திரும்பியது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பசி கூடியதால் மட்டும் அந்த எலி தின்னவில்லை. உண்டு முடித்தது என்ற செய்தி அதன் செயலைத் தொடவில்லை. ‘வாயைக் கட்டு’ என்று நாம் சொல்லும்போது, உணவே தளர்த்திவிட்ட உறுப்பிடம்தான் அந்த வேலையை ஒப்படைக்கிறோம்.

எலியை வைத்து மனிதரை எடைபோடலாமா என்று கேட்பது நியாயம். முழுதாக எடைபோட முடியாது. மனித மூளைக்குள் காபாவை எலியில் அளப்பதுபோல அளக்க வழியில்லை. ஆனால் சாட்சிகள் ஒரே திசையில் நிற்கின்றன. பருத்தவர்களின் ஹைப்போதலாமஸில் காயத்தின் தடயங்களை ஸ்கேன் மூலம் கண்டதாக 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. 2019இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரைத் தங்கவைத்து, முன்வைத்த உணவின் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் அளவுகளைச் சமமாக்கி, விரும்பிய அளவு உண்ணவிட்டார். ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே மனிதர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். மனிதர் மாறவில்லை, மன உறுதி மாறவில்லை. மாறியது தட்டு மட்டும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. கூழ்க் காலத்தைப் பொற்காலமாக்குகிறீர்களா? 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணம் பட்டது மறந்துவிட்டதா? மறக்கவில்லை. மானாவாரித் தானியம் சொன்ன ‘போதும்’ சில ஆண்டுகளில் வெறும் இல்லாமையின் வேறு பெயர். ரேஷன் அரிசி அந்த இல்லாமையை விரட்டியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் பட்டினியை வென்ற கருவியே பருமனுக்கும் மருந்தாகும் என்று எதிர்பார்க்க முடியாது. வரகுக்குத் தனி மந்திரமும் இல்லை. தீட்டி வெள்ளையாக்கி, மாவாக்கி, பிஸ்கட்டாக விற்றால் சிறுதானியமும் அரிசியின் வழிக்கே போகும். காக்க வேண்டியது தானியத்தின் பெயரன்று, அதன் தவிடும் முழுமையும்.

2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. தட்டை மாற்றும் முயற்சியும் தொடங்கியது: 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். விரும்பியவர் வாங்கலாம், மீதி அரிசியும் தொடர்ந்து கிடைக்கும் என்பது ஏற்பாடு. விக்கிரமங்கலத்தைச் சுற்றிய மானாவாரி நிலத்துக்கும் அதைக் கேட்க எல்லா நியாயமும் இருக்கிறது. அங்கே அது வரகாக இருக்கட்டும், தவிடு நீக்காமல், உள்ளூர் உழவரிடமே கொள்முதல் செய்ததாக.