குருந்தக் கல்லின் யாத்திரை

தில்லியிலோ நாகபுரியிலோ குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அரிவாள்மணையின் இடத்தைக் கத்தி கைப்பற்றி நெடுநாளாயிற்று. கத்தி மழுங்கியதும் கடைக்குச் சென்று தீட்டுகல் கேட்கிறோம். கடைக்காரர் 'கார்போரண்டம்' என்று கூறி ஒரு கரிய கல்லை எடுத்து வைக்கிறார். அவ்வயல்நாட்டுப் பெயருக்குள் ஒரு தமிழ்ச் சொல் மறைந்திருப்பதை நேயர்கள் அறிவார்களா?

குருந்தம் என்பது அச்சொல். மோஸ் என்பாரின் கடினத்தன்மை அளவையில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. மாணிக்கமும் நீலமும் அதன் தெளிந்த வகைகளே. மங்கிய வகையே சாணைக்கு உதவிற்று. முன்னாள் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததும் இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளதுமான சித்தம்பூண்டிப் பகுதியில் அது கிடைக்கிறது. அதனைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்து, வட்டமாக அமைத்ததே நம் நாட்டுப் பழைய சாணைச் சக்கரம். அரக்கு சூட்டில் இளகிவிடும். ஆதலால் அச்சக்கரத்தை அளவுமீறி விரைவாக ஓட்டுதல் இயலாது. அக்குறையே கத்திக்கு நன்மையாயிற்று என்பது என் எண்ணம்.

1798-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கிரேவில் என்பார் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இக்கல்லைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் அது 'கோரண்டம்' ஆயிற்று. மராட்டியர் 'குருந்த்' என்பர். 1891-இல் எட்வர்டு அச்செசன் என்ற அமெரிக்கர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சுட்டபொழுது பளபளக்கும் படிகங்கள் தோன்றின. கரியும் குருந்தமும் கலந்த பொருளென எண்ணிக் 'கார்போரண்டம்' எனப் பெயர் சூட்டினார். பின்னர் அது கரியும் சிலிக்கனும் கூடியதென்றும், குருந்தம் அதில் இல்லையென்றும் தெளிவாயிற்று. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இத்தகைய பிழைகளின்மீது ஒரு தனி வாஞ்சை உண்டு! 1954-இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சென்னையில் தோன்றவே, அச்சொல் தன் பிறந்தகத்துக்கே வந்து சேர்ந்தது.

எதை வாங்குவது? ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமும் உடைய கல்லே வீட்டுக்கு ஏற்றது. நீர் தெளித்து, கத்தியை ஏறத்தாழ 20 பாகை சாய்த்து, முதலில் சொரசொரப்பிலும் பிறகு நயத்திலும் தேய்க்கலாம். பிளவுக்குள் கத்தியை இழுத்தெடுக்கும் சிறு கருவிகள் சௌகரியமானவை. ஆனால் இரும்பை அதிகமாகத் தின்றுவிடும்.

தெருவில் 'சான்' எனக் கூவி வருபவரிடம் கொடுப்பதிலும் தவறில்லை. அச்சொல்லும் நம் சாணையும் ஒரே வடமொழி வேரின. அவருடைய சக்கரம் மின்விசையில் சுழல்வதாயின், அடிக்கடி நீரில் நனைக்கச் சொல்லுங்கள். கத்தியின் விளிம்பு நீலம் பாரித்திருந்தால் அவ்விடத்தில் எஃகின் பதம் போய்விட்டதென்று பொருள்.