ஆலம்பரை நாணயம்: கடப்பாக்கம் கடற்கரையின் வணிகத் தேர்ச்சி குறித்து ஓர் ஆய்வு

செய்யூர் வட்டம் இடைக்கழிநாடு பேரூராட்சியைச் சேர்ந்த கடப்பாக்கத்துக்குக் கிழக்கே, கழியோரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முகலாயர் ஆட்சிக்காலத்தில் எழுந்த கோட்டை இது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதற்காக மோதிய கதையே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பீரங்கிகள் இங்கே வந்தது, காக்கத் தகுந்த ஒரு வணிகம் முன்பே இருந்ததால்தான். அந்த வணிகத்தை முன்னிறுத்தி ஆலம்பரையின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வட்டாரத்தின் பழம்பெயரிலேயே அதற்கு ஒரு தடயம் இருக்கிறது. இடைக்கழிநாடு என்றால் கழிகளுக்கு இடைப்பட்ட நாடு. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரியவை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்ப்பது படகோட்டிகளின் பொறுப்பு. கழி உள்ள இடத்தில் அந்தப் படகுகளுக்கு அமைதியான நீர் கிடைத்தது. சங்க இலக்கியத்தில் பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூலில் எயிற்பட்டினம் வருகிறது. உப்பு வண்டியோடு செல்லும் உமணரும் வருகிறார்கள். எயிற்பட்டினத்தைத் தெற்கே உள்ள மரக்காணத்தோடு ஆய்வாளர் பலர் பொருத்துகின்றனர். மீனும் உப்பும் பழங்காலத்திலேயே இப்பகுதியின் தொழில்கள் என்பதற்கு இந்த நூலே சான்று.

ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் இந்தப் பழைய தொழில்களோடு புதிதாக ஒன்று சேர்ந்தது. அதுதான் கம்பட்டம், அதாவது நாணயம் அடிக்கும் சாலை. ஆலம்பரையின் சிறப்பு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பேன்.

கம்பட்டத்தின் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். வணிகர் கொண்டுவரும் வெள்ளியோ பொன்னோ முதலில் நிறுக்கப்படும். சராப்பு, அதாவது மாற்றுப் பார்ப்பவர், பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுச் சொல்வார். பிறகு உருக்கிப் புடம்போட்டு, கம்பியாக்கி, எடைக்குத் துண்டாக நறுக்குவார்கள். துண்டை அடித்து வட்டமாக்கி, எழுத்து வெட்டிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் ஓர் அடி. அச்சு காசைவிடப் பெரியது; எனவே முகலாயப் பேரரசர் பெயரில் ஒரு பகுதிதான் ஒவ்வொரு ரூபாயிலும் விழும். எழுத்து அரைகுறையாக விழுந்தாலும் பாதகமில்லை. எடையும் மாற்றும் குறையக்கூடாது. ரூபாய் என்றால் சுமார் 11 கிராம் வெள்ளி, வராகன் என்றால் சுமார் 3.4 கிராம் பொன்.

அக்காலக் கடைத்தெருவில் எல்லாக் காசும் ஒரே விலைக்குப் போகவில்லை. எந்தக் கம்பட்டத்தில் அடித்தது, எந்த ஆண்டு அடித்தது என்று பார்த்து வட்டம், அதாவது கழிவு, பிடித்துக்கொண்டுதான் மாற்றினார்கள். ஓர் ஊரின் பெயர் காசுக்குப் பெயராக நிலைப்பது அந்தச் சூழலில் எளிதில் கிடைக்கும் பெருமை அல்ல. ஆலம்பரை வராகன் என்ற பெயர் கணக்கேடுகளில் ஏறியது. ஊர் பேர் தெரியாத வணிகர் ஒருவர் அந்தக் காசை வாங்கிக் கைப்பெட்டியில் போட்டார் என்றால், அவர் நம்பியது இங்கே உருக்கிய, நிறுத்த, அடித்த கைகளைத்தான். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவதை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிரெஞ்சுக் கும்பினி ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளியை இந்நாட்டில் செலவழிக்க, அதை ரூபாயாக்க வேண்டும். சொந்தமாக அடிக்கும் உரிமை இல்லாதவரை நவாபின் கம்பட்டங்களையும் சராப்புகளையும் நம்பியே அவர்கள் இருந்தனர். 1736இல், ஆளுநர் துய்மா காலத்தில், நவாப் தோஸ்து அலிகானிடமிருந்து அந்த உரிமையைப் புதுச்சேரி பெற்றது. அதே ஆண்டில் தொடங்கும் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், முதற்பக்கங்களிலேயே இச்செய்தி பேசப்படுவது, அன்றைய வணிகர் அதை எவ்வளவு பெரிதாகக் கருதினர் என்பதைக் காட்டுகிறது. அருகிலேயே ஒரு போட்டிக் கம்பட்டம் எழுந்ததால் ஆலம்பரையின் பங்கு சுருங்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

1750இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங், தமக்கு உதவிய புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு ஆலம்பரையைக் கொடையாகக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றி இடித்தனர். மறு ஆண்டு புதுச்சேரியும் வீழ்ந்தது.

கோட்டையிலிருந்து கழியை நோக்கிச் சுமார் 100 மீட்டர் நீண்ட படகுத்துறை ஒன்று இருந்தது. சரிகைத் துணி, உப்பு, நெய் ஆகியவை இங்கிருந்து ஏற்றுமதியாயின என்று தொல்லியல் குறிப்புகள் சொல்கின்றன. இவற்றில் உப்பு கடலோரத்தில் விளைவது. நெய் உள்நாட்டுக் கால்நடைச் செல்வம். சரிகைத் துணி நெசவூர்களின் கைத்திறன். கடலோரமும் உள்நாடும் ஒரே துறையில் சந்தித்ததற்கு அந்தச் சரக்குகளே ஆதாரம்.

துறை அழிந்த பிறகும் தொழில் முழுதாக அழியவில்லை. ஆனால் 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையானது. உப்பின் ஆதாயம் அளத்துக்காரர் கையைவிட்டுப் போனது. பின்னர், 1876–78 பஞ்சகால நிவாரண வேலைகளால் இணைப்புப் பெற்ற பக்கிங்காம் கால்வாய், இந்தக் கழிகள் வழியாக மரக்காணம் வரை நீண்டு, உப்பையும் விறகையும் தோணிகளில் சென்னைக்குச் சுமந்தது. இன்று மீன்பிடித்தலும், மரக்காணத்து உப்பளமும், மணற்பாங்கான நிலத்தின் சவுக்கும் தர்பூசணியும் இவ்வட்டாரத்தின் வாழ்வு. கோடையில் சாலையோரம் தர்பூசணியைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்து கொடுக்கும் விவசாயியிடம் அந்தப் பழைய மாற்றுப் பார்க்கும் கண்ணையே நான் காண்கிறேன்.

2004 சுனாமி கோட்டையைச் சிதைத்தது. 2011–12இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. மண்ணுக்குள் இருப்பதை அவர்கள் தேடுவார்கள். வீட்டுக்குள் இருப்பதை ஊரார்தான் தர முடியும். இடைக்கழிநாட்டுக் குடும்பங்களில் பழைய காசோ, உப்பளக் கணக்கோ, தோணி வாடகைச் சீட்டோ, ஓலையோ இருந்தால் பழைய பொருள் வாங்குபவரிடம் போட்டுவிட வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத் தொல்லியல் அலுவலரிடம் ஒருமுறை காட்டுங்கள்.